தட்டிவிட்டுத் தொடும் கை

நான் எழுதுவது கோணல்மாணலாகத்தான் இருக்கும். தங்கவயல் ஸ்கெலட்டனில் சுரங்கத்து ஆட்களின் லைன் வீடுகளுக்குப் பின்னால் இருந்த தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரைக்கும் போனவள் நான். அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் மளிகைச் சாமான் சீட்டும் சொந்தக்காரர்களுக்குக் கடுதாசியும்தான். நாலு பேர் எதிரில் வாய் திறக்கவே கூச்சம். மறதியும் சேர்ந்துகொண்டதால் முன்னால் நடந்தது பின்னாலும் பின்னால் நடந்தது முன்னாலும் வந்து நிற்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை. போன வாரம் நடந்த ஒரு சங்கதி, குலுக்கிய சோடா பாட்டில் மாதிரி உள்ளே நுரைத்துக்கொண்டே இருக்கிறது. இங்கே யாரிடமாவது சொல்லலாம் என்றால் எனக்கு அவர்கள் பாஷை போதாது. சொன்னவுடன் புரிந்துகொள்கிற ஜனம் நீங்கள்தான்.

இந்த டொராண்டோவில் எனக்கு முதலில் விளங்காமல் போனது வீடு நடுங்குவது. அடுப்படியில் நின்றுகொண்டிருப்பேன். காலடியில் எங்கோ ஆழத்திலிருந்து ஒரு உறுமல் வரும். பாத்திர ஸ்டாண்டில் டம்ளர்கள் ஒன்றோடொன்று மோதிக் கிலுகிலுக்கும், ஜன்னல் கண்ணாடி முனகும், பிறகு ஒன்றுமே நடக்காதது போல எல்லாம் அடங்கிவிடும். மேல் மாடியிலும் கீழ் மாடியிலும் ஒருவர்கூட எட்டிப் பார்க்க மாட்டார்கள். நான் வந்து இறங்கிய மறுநாள் இது நடந்தபோது என் மூத்த மகள் கௌதமி வேலைக்குப் போயிருந்தாள். ரசம் நுரை கட்டுகிற நேரம். என் கை தானாக அடுப்பை அணைத்தது, கால் தானாக வாசலுக்கு ஓடியது. நீளமான நடையில் வரிசையாக இருந்த கதவுகளையெல்லாம் உள்ளங்கையால் அறைந்துகொண்டே, "அதிருது, அதிருது, வெளிய வாங்க!" என்று கத்தினேன். வாய் திறக்கக் கூசுகிற நான்தான் அப்படிக் கத்தினேன்.

நம் ஊர்க்காரர்களுக்கு ஏன் என்று சொல்ல வேண்டாம். நம் ஊரை அறியாமல், என்னைப் போல அயலூரில் உட்கார்ந்து இதைப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். தங்கவயலில் பூமிக்கடியில் குடைந்துகொண்டே போன பாறை, மேல் பாரம் தாங்காமல் சில நேரம் வெடித்துச் சரியும். ராக் பர்ஸ்ட் என்போம். மேலே எங்கள் வீட்டில் சட்டிபானை ஆடும். அந்த ஆட்டம் வந்தால் வீட்டுப் பெண்பிள்ளை செய்ய வேண்டியதற்கு ஒரு வரிசை உண்டு. அடுப்பை அணைக்க வேண்டும், பிள்ளைகளை வெளியே விட வேண்டும், பக்கத்து வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும், பிறகு சுரங்கத்துக்குள் இறங்குகிற ஷாப்ட் இருக்கிற பக்கம் பார்த்து நடக்க வேண்டும். பாலகாட் சுரங்கத்துப் பக்கம் ஆடியதா, நம் பக்கம் ஆடியதா என்று நடந்துகொண்டேதான் பேச்சு. யார் வீட்டு ஆள் கீழே இருக்கிறான் என்பது ஆட்களை ஏற்றி இறக்குகிற கேஜ் மேலே வந்து கதவு திறக்கும்போதுதான் தெரியும். என் வீட்டுக்காரர் பாறையில் துளை போடுகிற டிரில்லர். அவர் வேலையில் இருந்த காலம் முழுக்க நான் செருப்பு போடாமலேதான் ஓடியிருக்கிறேன்.

அன்றைக்கு நான் அறைந்த கதவுகளில் ஒன்றே ஒன்றுதான் திறந்தது. கறுப்பு கவுன் போட்ட ஒரு ஒல்லிக் கிழவி எட்டிப் பார்த்தார். இத்தாலி தேசத்துக்காரர், புருஷன் இல்லாதவர், பெயர் ரோசா என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. நம் ஊரில் வீதிக்கு ஒரு ரோசம்மா உண்டே, எனக்கு அவரும் ரோசம்மாதான். நான் அவர் கையைப் பிடித்து வெளியே இழுக்கிறேன், அவர் என் வெறுங்காலைப் பார்த்துவிட்டு என்னை உள்ளே இழுக்கிறார். இரண்டு கிழவிகள் ஒரு வாசற்படியில் இப்படி மல்லுக்கட்டினோம். அவர்தான் ஜெயித்தார். நாற்காலியில் உட்காரவைத்து, பீரோவிலிருந்து கம்பளிக் காலுறையைக் கொண்டுவந்து என் காலில் அவரே மாட்டிவிட்டார். நான் தரையைக் காட்டி நெஞ்சில் அடித்துக்கொண்டேன். அவரும் தரையைக் காட்டி, "ட்ரெயின், ட்ரெயின்" என்றார். ட்ரெயின் எனக்குத் தெரிந்த வார்த்தைதான். ஆனால் தரையைக் காட்டி எதற்கு ட்ரெயின் என்கிறார் என்று விளங்கவில்லை. குளிர் தாங்காமல் ஊருக்கு ட்ரெயின் கேட்டு அழுகிறேன் என்று நினைத்துவிட்டாரோ என்னவோ!

சாயங்காலம் கௌதமி வந்து விழுந்து விழுந்து சிரித்தாள். "பூமிக்குள்ள ரயிலு ஓடுதும்மா. நம்ம பில்டிங்குக்கு நேர் கீழ."

"எந்த லெவல்ல?" என்றேன். சுரங்கத்தில் ஆழத்தை லெவல் கணக்கில்தான் சொல்வோம்.

"ஒரே லெவல்தான்."

"கேஜ்ல எறங்குவாங்களா?"

"படிக்கட்டுல எறங்கலாம்மா."

"படிக்கட்டுலயா? பூ! அதெல்லாம் ஒரு ஆழமா?" என்று அன்றைக்குத் தைரியமாகச் சொல்லிவிட்டேன். ஆனால் அந்த வாரம் முழுக்க ஓடிக்கொண்டுதான் இருந்தேன். வாசல் வரைக்கும் ஓடுவேன், கதவைத் திறப்பேன், எதிரில் ரோசம்மா சிரித்துக்கொண்டு நிற்பார். மறுவாரம் ஸ்டவ் குமிழில் கை வைப்பதோடு நின்றது. பிறகு அதுவும் போயிற்று. தெருவில் தள்ளிக் குவித்த பனியைப் பார்த்தால் தங்கம் எடுத்த மிச்ச மண்ணைக் கொட்டிய நம் சயனைடு மேடு போல இருக்கிறதே என்று ஜன்னலோரம் நின்றிருப்பேன், காலடியில் ரயில் போய்விட்டிருக்கும், எனக்குத் தெரிந்தே இருக்காது.

இனி கௌதமியின் வேலையைச் சொல்ல வேண்டும். லைன் வீட்டில் பிறந்த பெண், உதவிச் சம்பளம் வாங்கியே பெங்களூரிலும் அதன் பிறகு இங்கேயும் படித்தாள். என்ன படிக்கிறாள் என்று நம் ஜனம் கேட்டால் "டாக்டருக்கு" என்று சொல்லி வைத்திருந்தேன். இங்கே வந்துதான் அது புழுவுக்கு என்று தெரிந்தது. நோய்ப் புழு இல்லை. மண்ணில் கிடக்கிற, கமாப் புள்ளி அளவுள்ள, கண்ணாடி போல உள்ளுடம்பெல்லாம் தெரிகிற புழு. ரம்ஜானுக்குப் பாய் வீட்டில் கடல்பாசி காய்ச்சிக் கொடுப்பார்களே, அது மாதிரியான ஒரு கூழைச் சின்னச் சின்னத் தட்டில் ஊற்றி உறையவைத்து அதன் மேல் வளர்க்கிறார்கள். "இதுக்கா ஏரோப்ளேன்ல வந்த?" என்றேன். "பாத்துட்டுப் பேசும்மா" என்று ஒரு சனிக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு போனாள்.

நான் பார்த்ததை எப்படிச் சொல்வேன்! விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைக்கச் சொன்னாள். கும்மிருட்டு. அந்த இருட்டுக்குள் ஒரு புழு. அதன் உடம்புக்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பச்சை விளக்குகள்! ஒவ்வொரு விளக்கிலிருந்தும் மெல்லிசாக ஒரு கம்பி, அதுவும் பச்சையாக மின்னிக்கொண்டு, உடம்பு நெடுக ஓடுகிறது. என் வீட்டுக்காரர் சொல்லுவார், லெவலில் தூரத்தில் வருகிற ஆளின் முகம் தெரியாது, தலை விளக்கு மட்டும்தான் ஆடி ஆடி வரும் என்று. நான் ஒரு நாளும் கீழே இறங்கியதில்லை. பெண்களை விடமாட்டார்கள். அன்றைக்குத்தான் இறங்கிப் பார்த்தாற்போல் இருந்தது. "கௌதமி, ஷிப்ட்டு ஆளுங்கடி! தலைவிளக்குடி!" என்று கூவிவிட்டேன். வேறு நாட்டுப் பையன் ஒருவன் திரும்பிப் பார்த்தான். வெட்கமாகப் போயிற்று, ஆனாலும் கண்ணை எடுக்கவில்லை.

அந்த விளக்குகள்தான் தொட்டால் உணர்கிற நரம்புகளாம். அவை எப்படி உண்டாகின்றன என்பதுதான் இவள் படிப்பு. வீட்டில் சப்பாத்தி மாவை வைத்துக்கொண்டு விளக்கினாள். ஒரு உருண்டையைக் கிள்ளி, ஒன்றைப் பெரிதாகவும் ஒன்றைச் சின்னதாகவும் பிரித்தாள். "ஒரு செல்லு ரெண்டாப் பிரியுது. அம்மாவுக்கு ரெண்டு மகளுங்கன்னு வெச்சுக்க. ஆனா ரெண்டும் ஒரே மாதிரி இல்ல. ஒருத்தி தொட்டா உணர்ற நரம்பா ஆவா. இன்னொருத்தி வேற வேலைக்குப் போவா. இன்னும் சில இடத்துல ஒரு மகள் பொறந்த கையோட செத்தே போவணும். அதுவும் ஒழுங்கா நடக்கும்."

"ரெண்டு பேருக்கும் குடுத்தது வேற வேறயா?"

"அதாம்மா விசேஷம். உள்ள கீற எழுத்து ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான். எதை எடுத்துப் படிக்கிறாங்கங்கறதுல கீது வித்தியாசம்."

"சுரங்கத்து லாம்ப் ரூம்ல எல்லா விளக்கும் அடுக்கி வெச்சிருக்கும், டோக்கன் குடுத்தவனுக்குத்தான் தருவாங்க. அப்படியா?"

"கிட்டத்தட்ட. விளக்கு ரெண்டு பேர் கையிலயும் கீது. ஸ்விட்சு போடற ஆளு ஒருத்திகிட்ட மட்டும்தான் வந்து நிக்கிறாரு."

இவளிடம் இருக்கிற ஒரு வகைப் புழுவில் அந்த ஸ்விட்ச் போடுகிற ஆள் கெட்டுப்போய்விட்டார். அப்போது என்ன நடக்கிறது தெரியுமா? மகள் மகளாக ஆவதில்லை. அம்மா போலவே மறுபடி மறுபடி பிரிந்துகொண்டே போகிறாள். நரம்பாகவே வந்து சேர்வதில்லை. எனக்கு இதைக் கேட்டதும் சிரிப்பு வந்தது. "அம்மா மாதிரியே இருந்தா நல்லதுதானடி" என்றேன். "நல்லதா? அப்புறம் அந்தப் புழுவைத் தொட்டாலும் அதுக்குத் தெரியாதும்மா. கட்டை மாதிரிக் கிடக்கும்" என்றாள். பிறகு நான் ஒன்று கேட்டேன். ரெண்டாகப் பிரிந்த பிறகு அந்த அம்மா எங்கே போனாள்? கௌதமி மாவை உருட்டிக்கொண்டே சொன்னாள்: "எங்கயும் போவல, சாவவும் இல்ல. தனியா அம்மான்னு ஒண்ணு மிச்சம் இருக்காது, அவ்ளோதான். ரெண்டு மகளுமாவே ஆயிடறா." அந்தச் சப்பாத்தி எனக்கு இறங்கவில்லை. எனக்கும் ரெண்டு மகள்கள். இளையவள் வசந்தா ஊரிலேயே, சுரங்கத்து ஆளையே கட்டிக்கொண்டு இருக்கிறாள்.

கௌதமி செய்தது இதுதான்: அந்த ஸ்விட்ச் ஆளை உண்டாக்குகிற நல்ல ஜீனை எடுத்து, மயிரிழையை விட மெல்லிய கண்ணாடி ஊசியால் கெட்டுப்போன புழுவின் வயிற்றுக்குள் செலுத்தினாள். அதன் பிள்ளைகளில் சிலவற்றில் விளக்கு மறுபடி எரிந்தது. நான் பார்த்தது அந்தப் பிள்ளைகளைத்தான். பல வருஷப் பாடு. ஆனால் அவளுடைய புரொபசர் லேசில் ஒப்புக்கொள்கிறவர் இல்லை. விளக்கு எரிந்தால் போதாது, அந்த நரம்பு வேலை செய்கிறதா, தொட்டால் புழு விலகுகிறதா என்று காட்டு என்றுவிட்டார். அதுவும், எந்தத் தட்டில் எந்தப் புழு என்று தெரியாத ஒருவர்தான் தொட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும். தெரிந்தவர் தொட்டால் ஆசை கண்ணை மறைக்கும். திங்கட்கிழமை அவரிடம் காட்ட வேண்டும். விலகினால் இவள் படிப்பு முடிகிற மாதிரி. விலகாவிட்டால் மறுபடி முதலிலிருந்து. கூட வேலை செய்கிறவர்களுக்கெல்லாம் தட்டு எது என்று தெரியும். அன்று சனிக்கிழமை; தெரியாத ஆள் என்று மிச்சம் இருந்தது நான் மட்டும்தான்.

"உனக்கு ஒண்ணுமே தெரியாது. அதான் உன்னவிட நல்ல ஆள் கெடையாது" என்றாள். என்னை இப்படி யாரும் புகழ்ந்ததில்லை!

தொடுவதற்கு ஒரு மயிர் வேண்டும், பல்குச்சி நுனியில் ஒட்டுவதற்கு. புருவ மயிர்தான் பதமாக வளையுமாம். என் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, நீளமாக நரைத்துத் தொங்கிய ஒன்றை வெடுக்கென்று பிடுங்கினாள். "ஆ! இத்தினி தூரம் படிக்க வெச்சது எம் புருவத்தப் புடுங்கவாடி?" என்றேன். அவள் ஒட்டிக்கொண்டே, "அம்மா தொடுறது தனி பவரு" என்றாள். தட்டுகளில் எண் மட்டும் போட்டிருந்தது. தலைப்பக்கம் மெதுவாகத் தடவினால் நல்ல புழு பின்னால் போகும். வால் பக்கம் தடவினால் முன்னால் ஓடும். போனால் "போவுது", போகாவிட்டால் "கெடக்குது" என்று நான் சொல்ல வேண்டும். அவள் அலமாரிக்கு அந்தப் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்து குறித்துக்கொள்வாள். "நான் எதிர்ல இருந்தா எம் மூஞ்சியப் பாத்தே நீ சொல்லிருவ."

முதலில் நன்றாகத்தான் போயிற்று. "போவுது! போவுது! கெடக்குது. போவுது!" எனக்குப் பிடித்துப்போயிற்று. மயிர் நுனி பட்டதும் அந்தத் துணுக்கு உடம்பு வில்லாக வளைந்து பின்வாங்குகிற அழகைப் பார்க்க வேண்டும். ஆனால் போகப் போக அவை சோம்பலாகிவிட்டன. "கெடக்குது. கெடக்குது. இதுவும் கெடக்குது." ஒவ்வொரு தட்டிலும் அதே கதை. முடித்த பிறகு கௌதமி எண்களைப் பிரித்துப் பார்த்தாள். ஜீன் ஏற்றிய புழு, ஏற்றாத புழு, எந்தக் கேடும் இல்லாத நல்ல புழு எல்லாமே ஒன்று போலத்தான் கிடந்தன.

"நல்ல புழு கூடவா ஓடல? கண்ணு தெரியலன்னா சொல்லியிருக்கலாமில்லம்மா."

"தெரிஞ்சிச்சு கௌதமி. கெடந்துச்சு, கெடக்குதுன்னு சொன்னேன்."

"விடு" என்றாள். திரும்பி வரும்போது ட்ராமில் குறித்த தாளையே புரட்டிக்கொண்டு வந்தாள். நான் ஜன்னலில் தெரிந்த என் முகத்தைப் பார்த்துக்கொண்டு வந்தேன். புருவத்தில் பிடுங்கிய இடம் சுருக்கென்றது. வராமலேயே இருந்திருக்கலாம் என்று தோன்றிற்று. ஒரு பிள்ளை தன் பல வருஷத்தை என் கையில் கொடுத்தது, நான் அதைப் பாழாக்கிவிட்டேன். எங்கே, எப்படி என்று மட்டும் விளங்கவில்லை.

இந்த இடத்தில் பழைய கதை ஒன்றைச் சொன்னால்தான் மீதி புரியும். எனக்குக் கல்யாணமான புதிது. என் வீட்டுக்காரர் நைட் ஷிப்ட் முடிந்து வந்து பகலில் தூங்குவார். ஒற்றை அறை லைன் வீடு. சாப்பிடட்டும் என்று ஒரு நாள் தோளைத் தொட்டு எழுப்பினேன். ஐயோ, அந்த மனுஷன் எழுந்த வேகம்! தலையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு சுவரோடு போய் ஒட்டினார். சோற்றுத் தட்டு ஒரு பக்கம், குழம்பு ஒரு பக்கம். நான் அழுதுகொண்டே வெளியே வந்தேன். பக்கத்து வீட்டு அஞ்சலை, மூன்று தம்பிகளைச் சுரங்கத்துக்கு அனுப்பியவள், சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "இன்னாடி பொண்ணு, ஷிப்ட்டு மனுசன அப்டியா எழுப்புவாங்க? மொதல்ல கட்டில் காலத் தட்டுடி. சத்தம் காதுல ஏறட்டும். அப்பால தொடு." அவரும் பிறகு சொன்னார்: கீழே பாறை சரிவதற்கு முன்னால் படபடவென்று பேசுமாம். பேசிவிட்டு விழுகிற பாறையிடமிருந்து ஓடித் தப்பலாம். பேசாமல் மேலே வந்து படுவதுதான் எமன். அன்றிலிருந்து நான் தட்டாமல் யாரையும் தொட்டதில்லை. தூங்கும் புருஷனை, பாயில் சுருண்ட பிள்ளைகளை, கன்றுக்குட்டியைக்கூட. விரல் கணுவால் டொக் டொக் டொக். அவர் போய் எவ்வளவோ நாளாகிவிட்டது, விரல் மறக்கவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை கௌதமி எழுந்திருக்கவே இல்லை. காப்பியை எடுத்துக்கொண்டு போனேன். கோபத்தில் படுத்திருக்கிறாள், திட்டினால் திட்டட்டும் என்று கட்டில் காலைத் தட்டினேன், டொக் டொக் டொக். பிறகு தோளைத் தொட்டேன். கண்ணைத் திறந்தவள் என்னைப் பார்க்கவில்லை, என் விரலைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அம்மா... நேத்து புழுவயும் தட்டினியா?"

"தட்டாம? தூங்கிட்டு கீதோ இன்னாவோ. பயந்துக்கும்ல."

"ஒவ்வொண்ணுக்குமா?"

"ஒவ்வொண்ணுக்கும்தான். தட்டு ஓரத்துல, நகத்தால."

அவள் போட்ட கூச்சலில் ரோசம்மா வந்து கதவைத் தட்டிவிட்டார், இந்தத் தடவை அம்மாவும் மகளுமாக எதற்கோ பயந்து ஓடப்போகிறோம் என்று நினைத்து. கௌதமி என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள், ரோசம்மாவையும் பிடித்து ஆட்டுகிறாள். நான் ஒன்றும் புரியாமல் காப்பியைச் சிந்தாமல் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகுதான் மூச்சு வாங்கச் சொன்னாள். தட்டின் ஓரத்தைத் தட்டினால் அதில் இருக்கிற எல்லாப் புழுவுக்கும் ஆட்டம் தெரியும். அதே நரம்புகள்தான் அதையும் உணருமாம். முதலில் பின்வாங்கும். மேலும் மேலும் தட்டினால், ஒன்றும் ஆகவில்லையே என்று பழகிப்போய் அசைவதை விட்டுவிடும். ஒரு புழுவுக்கு நான் கொடுத்த எச்சரிக்கை எல்லாப் புழுவையும் மரத்துப்போகச் செய்திருக்கிறது.

"உனக்கு ரயில் பழகிப்போச்சு பாரு, அதே மாதிரிதாம்மா!"

அவள் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. ஆனால் யோசிக்க நேரமில்லை. இழுத்துக்கொண்டு ஓடினாள்.

புதுத் தட்டுகள், புது எண்கள், அதே புருவ மயிர். அவள் அலமாரிக்கு அந்தப் பக்கம். "தட்டக் கூடாது. சொல்லாம கொள்ளாம தொடு" என்றாள். சொல்வது சுலபம். என் இடது கை விரல் தானாக மடங்கித் தட்டின் ஓரத்துக்குப் போகிறது. அதை மடியில் வைத்துத் தொடையால் அழுத்திக்கொண்டேன். கீழே ஒரு புழு அசையாமல் கிடக்கிறது. தூங்குகிற சின்ன உயிர். இப்படி எச்சரிக்காமல் ஒன்றைத் தொடுவது எமன் வேலை இல்லையா? என் வாழ்நாளில் செய்யாததைச் செய்யச் சொல்கிறாளே இந்தப் பெண்! "மன்னிச்சுக்கோ சாமி" என்று வாய்க்குள் சொல்லிவிட்டு மயிரை இறக்கினேன்.

துள்ளிப் பின்னால் போயிற்று.

"போவுது!"

அடுத்தது. "போவுது!" அடுத்தது. "போவுது!" அந்தத் தட்டு முடிந்தது. அடுத்த தட்டில் "கெடக்குது, கெடக்குது". போவுது என்று சொல்ல ஆசைதான், ஆனால் உள்ளதைத்தான் சொன்னேன். மூன்றாவது தட்டு. முதல் புழு கிடந்தது. இரண்டாவது விலகியது. மூன்றாவது, நான்காவது, "போவுது, போவுது, ஐய, இது ஓட்டமா ஓடுதுடி!" என் குரல் ஏறிக்கொண்டே போனது. ஸ்கூல் விளையாட்டுப் போட்டியில் ஓடுகிற பிள்ளையைக் கூப்பிடுவது போலக் கூப்பிட்டேன். அலமாரிக்கு அந்தப் பக்கம் நாற்காலி கீச்சிட்டது. "அம்மா, சும்மா சொல்லு. ஆசைக்குச் சொல்லாத." என்றாள். "நான் எந்த சாமி மேலயும் சத்தியம் பண்றேன், போவுதுடி!"

எண்களைப் பிரித்தாள். இடைவிடாமல் ஓடியது, கேடில்லாத நல்ல புழு. கட்டை மாதிரிக் கிடந்தது, கெட்ட புழு. அந்த மூன்றாவது தட்டு, அவள் விளக்கு ஏற்றிய புழு. எல்லாம் இல்லை, சில கிடந்தன. அது அப்படித்தான், எல்லாப் பிள்ளைக்கும் ஜீன் போய்ச் சேராது என்றாள். ஆனால் விளக்கு எரிந்தவற்றில் நிறைய விலகின. என் மகள் அந்தக் கண்ணாடி அறையில் தரையில் உட்கார்ந்து அழுதாள். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, முதலில் தரையைத் தட்டி, பிறகு தலையைத் தொட்டேன். திங்கட்கிழமை புரொபசர் பார்த்துவிட்டு, இன்னொரு முறை வேறு ஒருவரைத் தொட்டுப் பார்க்கச் சொன்னாராம். அந்த ஆள் தொட்டபோதும் விலகின. அதற்கப்புறம் என் கையைக் குலுக்க வேண்டும் என்று கூட்டிவரச் சொன்னார். என்ன சொல்வதென்று தெரியாமல் நான் அவருக்குப் பல்குச்சியைக் காட்டினேன். அவர் பல் வலியா என்று கேட்டிருக்கிறார்.

அந்தச் சந்தோஷத்தைச் சொல்லத்தான் அன்று இரண்டாவது மகள் வசந்தாவுக்கு போன் போட்டோம். அங்கே இப்போது சுரங்கத்தை மூடிவிட்டார்கள். அவள் வீட்டுக்காரர் விடிகாலை ரயிலில் பெங்களூருக்கு வேலை தேடிப் போய்க்கொண்டிருக்கிறார். நான் புழுக் கதையைச் சொல்லச் சொல்ல வசந்தா சிரித்தாள். "அப்போ அக்கா உன் புருவத்துல பாஸாயிட்டாளா?" என்றாள். பிறகு பேச்சோடு பேச்சாக, "நேத்து சாயங்காலம் நல்லா ஆடிச்சும்மா. டிவி மேல வெச்ச பொம்மை கூட வுழுந்துச்சு" என்றாள்.

"மூடினப்புறமும் ஆடுதா? வெளிய போனியா?"

"ஸ்வல்ப எட்டிப் பாத்தேன். யாருமே வரல. இன்னாத்துக்கு வரணும்? கீழதான் ஒருத்தரும் இல்லியே."

அவள் அப்புறம் என்ன பேசினாள் என்று என் காதில் ஏறவில்லை. பார்த்தால், நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்றிருக்கிறேன். ஒரு கையில் போன், மறு கை ஸ்டவ் குமிழில், காலுறையைக் கழற்றிவிட்டு வெறுங்கால், முகம் வாசலைப் பார்த்து. அத்தனை கடல் தாண்டி, நேற்று ஆடிய ஆட்டத்துக்கு என் உடம்பு இன்று எழுந்து நிற்கிறது. அதே நேரம் என் காலடியில் ரயில் போயிற்று, டம்ளர்கள் கிலுகிலுத்தன. அதற்கு இமைகூட அசையவில்லை.

எழுதி முடித்துவிட்டேன். இதில் புழுவைப் பற்றிச் சொன்னதை யாராவது படித்த பிள்ளைகள் சரிபார்த்து, தப்பாக இருந்தால் திருத்திப் போடுங்கள். இன்னொன்றையும் சரிபார்க்க வேண்டும். இங்கே ரயில் போனால் முதலில் டம்ளர் கிலுகிலுக்கும், பிறகுதான் ஜன்னல் முனகும் என்று மேலே எழுதினேன். எழுதும்போதே நம் வீட்டில் எது முதலில் என்று யோசித்தேன். நினைவுக்கு வரவில்லை. மறந்ததாலா, அல்லது அங்கே ஒரு தடவைகூட உள்ளே நின்று பார்த்ததில்லை என்பதாலா, தெரியவில்லை. ஸ்கெலட்டனில் இன்னும் குடியிருக்கிறவர்கள் யாராவது, அடுத்த முறை ஆடும்போது வீட்டுக்குள்ளேயே நின்று, பாத்திரமா ஜன்னலா என்று கேட்டு எனக்கு எழுதுங்கள். இப்போது நிதானமாக நின்று கேட்கலாம், கீழே யாரும் இல்லை.